போனை மேஜையில் வைத்துவிட்டுப் போன பௌர்ணமி

அன்புள்ள மல்லிகா அக்கா,

இந்தப் பௌர்ணமிக்கு நீங்கள் இல்லாமல் லாட்ஜை நடத்திவிட்டோம். பன்னிரண்டாம் நம்பர் அறையில் நான் விரித்த படுக்கை விரிப்பைப் பார்த்த ஒரு பெரியவர், "ஏம்பா, இன்னிக்குத்தான் வேலைக்குச் சேந்தியா?" என்று கேட்டார். முதலாளியே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கேவலம்.

நீங்கள் இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் நாம் இரண்டு பேரும் ரூம் வேலை பார்த்த காலத்தில், விரிப்பின் ஒரு முனை உங்கள் கையில், மறுமுனை என் கையில். "இழுத்துப் பிடி தம்பி, தூங்கிட்டியா?" என்பீர்கள்.

அப்புறம் செங்கம் ரோட்டில் இந்த லாட்ஜை நான் குத்தகைக்கு எடுத்து உங்களையும் கூட்டி வந்தேன். வந்த முதல் நாளே உங்கள் வாயில் 'தம்பி' போய் 'சார்' வந்துவிட்டது. 'அதெல்லாம் வேணாம்க்கா, தம்பின்னே கூப்பிடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், சார் என்பது கேட்க நன்றாக இருந்தது.

பௌர்ணமிக்கு யாருக்கும் லீவு கிடையாது என்பது நான் போட்ட சட்டம். ஊரே மலை சுற்ற வரும், அறையெல்லாம் நிரம்பும், அன்றைக்குப் போய் லீவா? "ஒரே ஒரு பௌர்ணமி விடுங்க சார், நானும் சுத்திட்டு வந்துடறேன்" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "அடுத்த மாசம் பாக்கலாம்க்கா" என்றேன். வருகிறவர்களுக்கு எந்தப் பக்கமாகப் போகணும், எங்கே உட்கார நிழல் இருக்கும் என்று வழி சொல்லி அனுப்பியவர் நீங்கள். அவர்கள் போனதும் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவீர்கள். பதினோரு வருஷம். எத்தனை அடுத்த மாசம் அக்கா அது?

உங்களுக்கு நெஞ்சுவலி என்று சேதி வந்ததும் கீழ்பென்னாத்தூரில் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் மகள் சித்ரா அங்கே ஒரு உறவுக்காரரிடம், "இவருதான் அம்மாவோட தம்பி. லாட்ஜ் வச்சிருக்காரே, அவரு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்ல எப்பவும் தம்பி, தம்பின்னுதான் சொல்லும்" என்றாள். மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து, வண்டி மறைவில் நின்று அழுதேன் அக்கா. லாட்ஜில் சார் என்றவர் வீட்டில் என்னை விட்டுக்கொடுக்கவே இல்லையே!

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் ரிசப்ஷன் திவ்யா வேலையை விட்டு நின்றுவிடுவதாகச் சொன்னாள். நீங்கள் வேலை பழக்கிய பெண். அவளும் போய்விட்டால் லாட்ஜ் நொண்டிதான். "சம்பளம் கம்மியா இருக்குதா?" என்று கேட்டேன்.

"அது இல்ல சார். நானும் மல்லிகாக்கா மாதிரி அடுத்த மாசம், அடுத்த மாசம்னே போய்ச் சேந்துடுவேனோன்னு பயமா இருக்குது."

சுருக்கென்றது. "இந்தப் பௌர்ணமிக்கு நீ மலை சுத்திட்டு வாம்மா. அப்புறம் முடிவு பண்ணு" என்றேன். நாலு அறைக்கு புக்கிங் வாங்காமல் நிறுத்தினேன். பௌர்ணமியன்று மூன்று மணிக்குக் கிளம்பியவள், தன் போனை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

"நான் கூப்பிட மாட்டேம்மா."

"தெரியும் சார். இருந்தாலும் இங்கயே இருக்கட்டும்."

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வேலூர்க் குடும்பம் ஒன்று சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டது. துணி அலமாரியின் சாவியைக் காணோம். திவ்யாவின் பையிலேயே போய்விட்டது. என் கை தானாக அவள் நம்பரை அழுத்தியது. எதிரே, என் மேஜையில், அவள் போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது அக்கா. திரையில் 'சார்' என்று வந்தது. அந்தப் பெண் என்னை எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது. உங்களையும் இப்படித்தானே எத்தனை தடவை, சோற்றில் கை வைத்த நேரத்தில், பஸ் ஏறின நேரத்தில் கூப்பிட்டிருக்கிறேன்? பிறகு பின்பக்கம் போய் ஒரு கல்லை எடுத்து வந்து பூட்டை உடைத்தேன். வேலூர்க்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மறுநாள் காலை கால் வீங்கி, முகம் தெளிந்து வந்தாள். போனைப் பார்த்தாள். உடைந்த பூட்டைப் பார்த்தாள்.

"ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கீங்க. உங்களுக்கு இது ரொம்பக் கம்மி சார்."

"வேலைய விடுறதப் பத்தி என்னம்மா முடிவு பண்ண?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அடுத்த மாசம் பாக்கலாம் சார்."

என் வார்த்தை என்னிடமே வந்து சேர்ந்தது. அதை வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய?

லீவு கொடுத்துவிட்டதால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்கவில்லை அக்கா. நீங்கள் கேட்டபோதே ஒரு பூட்டை உடைத்திருக்கலாம். அடுத்த பௌர்ணமிக்குப் போகிறவர்கள் பெயரை இப்போதே சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். போன் அவர்கள் கையிலேயே இருக்கும். அதில் 'சார்' என்று வராது. என்றைக்காவது திவ்யா போனை என் மேஜையில் வைக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு மலை சுற்றப் போவாள். அன்றைக்கு உங்களுக்கு மறுபடி எழுதுகிறேன். அதுவரை கீழே 'தம்பி' என்ற பெயரைக் கடனாகத்தான் போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி,
குமார்