தாழைமுகத்தில் இட்ட கயிறு

நலம் பெருகுக. பருவம் தவறாமல் மழை பெய்க. தந்தையார்க்குப் பின் வேலங்கரை நாட்டைத் தாங்கி நிற்பவரும், உப்பளத்தையும் நெல்வயலையும் ஒரே கண்ணால் பார்ப்பவரும், மணிமுற்றத்து அரியணையில் வீற்றிருப்பவருமாகிய நிலந்திரு நாச்சியார் திருவாய் மலர்ந்தருளியபடி, வடகரைச் சீமை நாடாள்வார் எயினனாருக்கு எழுதிய ஓலை. உம் ஏரிகள் நிறைந்திருக்கவும், மாடு கன்றுகள் பெருகியிருக்கவும், உம் மூட்டுவலி தணிந்திருக்கவும் வாழ்த்துகிறோம்.

நீர் அனுப்பிய விண்ணப்பம் அவையில் படிக்கப்பட்டது. புன்னையூர்க் களத்துமேட்டைக் குதிரை லாயமாக மாற்ற விரும்புவதாகவும், அதற்குக் குடிகளைக் கூட்டிக் கேட்பது வீண் தாமதம் என்றும், மனை வகுப்பது அதைக் கற்றவர் வேலையே அன்றி நெல் தூற்றுகிறவர் வேலை அல்ல என்றும், ஆகையால் கயிறிடும் வழக்கத்தையே உம் சீமையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டிருந்தீர். நடை அழகாயிருந்தது. மறுமொழி சொல்லுமுன் தாழைமுகத்தில் நடந்ததை நீர் அறிய வேண்டும். சற்று நீளமானது, உட்கார்ந்து படியும்.

கயிறிடுதல் இன்னதென்று நீர் அறியாதவர் அல்லீர். எடுத்துவிடச் சொல்லும் அவசரத்தில் மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறோம். ஓர் ஊரில் ஒரு நிலத்தின் பயனை மாற்ற நினைப்பவர், சுவர் எங்கே எழுமோ அங்கே முளையடித்துக் கயிறு கட்டி, தாம் குறித்த நாள்வரை விட்டுவைக்க வேண்டும். அதுவரை கயிறே சுவர். அதைச் சுவராக மதியாமல் தாண்டிய குடிக்கு அதைப் பற்றிப் பேச உரிமை இல்லை. கயிற்றை இட்டவரே தாண்டினால் அந்த மனைவகுப்பே விழுந்துபோகும். கயிறு நிற்கும் நாளெல்லாம் இட்டவர் வீட்டு வாசற்கதவும் கொல்லைக்கதவும் திறந்தே கிடக்க வேண்டும், குறை சொல்ல வருகிறவர் யாராயினும் அவர் நின்று கேட்க வேண்டும். நாள் நிறைந்ததும் ஊர்ச்சபை கயிற்றருகே கூடும். பேச உரிமை மிஞ்சியவர்கள் பேசி ஒப்பினால் சுவர் எழும்.

நம் கடற்கரை ஊரான தாழைமுகத்தில், எங்கே எது எழும் என்று வகுக்கும் மனைவகுப்பு நாயகமாக இருப்பவர் சாத்தன் விடங்கனார். நூல் பிடித்தாற்போல் நடப்பவர், சாப்பிடும்போதும் இலையை அளந்து போடுகிறவர். அயல்நாட்டு விருந்தினர் தங்க ஒரு மாளிகை வேண்டும் என்று நாம் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஊரெல்லாம் தேடி, வலையர் தெருவுக்கும் நன்னீர்க் கிணற்றுக்கும் நடுவிலுள்ள மணல்வெளியைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தெருவார் மீன் உலர்த்துவது அந்த மணலில். குடிப்பது அந்தக் கிணற்றில், வேறு கிணறெல்லாம் உப்பு. மாளிகை எழுந்தால் அவர்கள் பிழைப்பும் தண்ணீரும் சுவருக்கு அப்பால் போய்விடும். விடங்கனார் கண்ணுக்கோ மாளிகைக்குப் பின் நாம் தரப்போகும் பட்டம் மட்டுமே தெரிந்தது. நாம் அப்படி ஒரு பட்டம் தருவதாக நினைத்ததுகூட இல்லை.

அவர் கெட்டிக்காரர். கடலலை தொடும் இடத்திலிருந்து தம் வீட்டு மதில்வரை கயிறு கட்டி, மாளிகை வாசலை வடக்கே அரச வீதிப் பக்கம் மட்டும் விட்டார். சபை கூடும் நாளை அமாவாசைக்குத் தள்ளிக் குறித்தார். தண்ணீர்க் குடத்தோடு எத்தனை நாள்தான் பொறுப்பார்கள், இரண்டாம் நாளே கயிற்றைத் தாண்டுவார்கள், தாண்டியவருக்குப் பேச வாயில்லை, சபை வெறிச்சோடிக் கிடக்கும் என்பது அவர் கணக்கு. சட்டப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அந்த எண்ணத்தில் அன்று நிம்மதியாகத் தூங்கினாராம்.

வலையர் தெருவார் கயிற்றைத் தாண்டவில்லை. சுவரில் முட்டிக்கொள்வதுபோல் கயிற்றருகே வந்து நின்று, தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பினார்கள். கயிற்றின் ஒரு முனையில் கடல், மறுமுனையில் விடங்கனாரின் வீடு, அதை ஒட்டி உப்பங்கழி. அந்த வீட்டின் வாசற்கதவு தெருவைப் பார்க்கிறது, கொல்லைக்கதவு கிணற்றைப் பார்க்கிறது. இரண்டும் வழக்கப்படி திறந்து கிடந்தன. நிலத்தை அவ்வளவு நுணுக்கமாக அளந்தவர் தம் வீட்டை மட்டும் அளக்க மறந்திருந்தார்.

முதலில் நுழைந்தவள் கொற்றி என்னும் கருவாட்டு வியாபாரி. குடத்தை இடுப்பில் வைத்தபடியே குறை சொல்ல வந்ததாகச் சொன்னாள். விடங்கனார் எழுந்து நின்றார். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதச் சொன்னோம், ஓலைநாயகம் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதுகிறார்: “ஐயா, எங்கூட்டுக் கோழி அடைகாக்க மாட்டேங்குது. ஒங்க கயித்தப் பாத்து மெரண்டுருக்குமோன்னு ஒரு சந்தேகம்.” ஆவன செய்வதாக அவர் சொல்ல, அவள் கும்பிட்டுவிட்டுக் கொல்லை வழியே கிணற்றுக்குப் போனாள். நிறைகுடத்தோடு திரும்பும்போது இன்னொரு குறை நினைவுக்கு வந்தது. அவர் மறுபடி எழுந்து நின்றார்.

அவளுக்குப் பின் தெருவே வந்தது. மருமகள் உப்பு அதிகம் போடுகிறாள் என்று ஒருவர், மச்சான் வாங்கிய வலையைத் திருப்பித் தரவில்லை என்று ஒருவர், குறை ஒன்றும் இல்லை, அதுதான் குறை என்று ஒருவர். உலர்த்த இடமில்லாத மீனையும் கூடையோடு கொண்டுவந்து, கொல்லைக்கு அப்பால் கிணற்றடியில் பரப்பினார்கள். பூனைகள் அழைக்காமலே வந்தன. விடங்கனார் உட்கார்ந்ததாக எழுதினால் பொய்யாகும். பொழுது விடிந்தால் நிற்பார், பொழுது சாய்ந்தால் தம் காலைத் தாமே பிடித்துவிட்டுக்கொள்வார். நாளைக் குறைக்கலாமா என்று வழக்கறிந்தவர்களைக் கேட்டார். குறித்தவரே குறைக்க முடியாது என்று அவர்கள் வருத்தத்தோடு சொன்னார்கள். அவ்வளவு வருத்தம் இல்லை என்றும் கேள்விப்பட்டோம்.

இடையிடையே உண்மையான குறைகளும் வந்தன. மணல் போனால் மீன் குவியும் மாதத்தில் எங்கே உலர்த்துவது என்று கேட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி குடத்தோடு சுவரைச் சுற்றி நடப்பாளா என்று கேட்டார்கள். அவற்றுக்கு மட்டும் ஆவன செய்வதாகச் சொல்லாமல், ஓலையெடுத்துக் குறித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். விடங்கனாரின் மனைவி பூதியார் தலைநகரில் பிறந்து வளர்ந்தவர். தாழைமுகம் வந்த பின் அவர் வாசலுக்குப் பல்லக்கும் அதிகாரிகளும் தவிர யாரும் வந்ததில்லை. முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவர், அடுத்த நாள் கதவோரம் நின்றார், பிறகு கொற்றியின் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு பகலில் கொல்லைப்புறத்திலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டு, யாரென்று எட்டிப் பார்த்த விடங்கனார் தம் மனைவியைக் கண்டார். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அது அவரை வருத்தியது என்று அவரே நம்மிடம் ஒப்புக்கொண்டார்.

அமாவாசையன்று சபை கூடியது. விடங்கனார் வடக்கு வாசல் வழியே நுழைந்து, வராத மாளிகையின் நடுக்கூடத்தில் வெயிலில் நின்றார். தெற்கே கயிற்றுக்கு வெளியே தெரு முழுவதும் நின்றது, ஒருவர்கூடப் பேசும் உரிமையை இழக்கவில்லை. யாருக்கேனும் மறுப்பு உண்டோ என்று முறைப்படி கேட்கப்பட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூதியார் முன்னே வந்தார். கிணற்றில் நீர் மொள்ளும் எந்த அடுப்புக்கும் சபையில் ஒரு வாய் உண்டு, அவர் அடுப்பும் அதில் ஒன்று. அவர் சொன்னதையும் அப்படியே தருகிறோம்:

“இந்த ஊருக்கு வந்து இத்தன வருஷத்துல எங்கிட்ட பேச ஆள் வந்தது இந்தக் கயித்தாலதான். சுவர் வந்தா அதுவும் போயிரும். எனக்கு இந்த மாளிகை வேண்டாம். இவங்களுக்கும் வேண்டாம்.”

விடங்கனார் கூடத்திலிருந்து நேராகத் தம் மனைவியிடம் நடந்தார். கயிறு குறுக்கே இருந்தது. தூக்கிய கால் கயிற்றுக்கு அப்பால் விழுந்தது, இட்டவரே தாண்டியதால் மனைவகுப்பும் அதோடு விழுந்தது. ஊர் ஒரே குரலில் ஆரவாரித்தது.

அவரை வரவழைத்து நாமே கேட்டோம். மறதியாகக் கால் வைத்துவிட்டதாகச் சொல்லித் தலைகுனிந்து நின்றார். அடிக்கு அடி எண்ணி வைத்தே பழகிய கால் அது. ஆனாலும் மறதி என்றே பதிவுசெய்ய ஆணையிட்டோம். அமாவாசையன்றே சபையார் அவரை மணலில் உட்காரவைத்து, மாளிகைக்கு மாற்றிடமாக, ஆளொழிந்து கிடக்கும் பழைய யானைக்கொட்டிலைக் காட்டினார்கள். இப்போது அங்கே தெருவார் ஒரு முனையும் அவர் ஒரு முனையுமாகப் பிடித்துக் கயிறு இட்டிருக்கிறார்கள். காற்று நன்றாக வருகிறதாம். விருந்தினரும் வரட்டும்.

ஆகையால் எயினனாரே, உம் விண்ணப்பத்துக்கு நம் ஆணை இது. வடகரையில் கயிறிடும் வழக்கம் உள்ளபடியே நிற்கும். புன்னையூர்க் களத்துமேட்டில் லாயத்துக்கான கயிறு முதலில் இடப்படும். நெல் தூற்றுகிறவர்கள் பேசி முடித்த பின்பே குதிரை வரும், அல்லது வராது. நாள் குறிக்கும் உரிமை உம்முடையதே, எவ்வளவு தள்ளிக் குறித்தாலும் நமக்குத் தடையில்லை. களத்துமேட்டைக் கயிற்றால் அடைத்தால் ஊராருக்கு ஏரிக்குப் போக மிஞ்சும் ஒரே வழி அதை அடுத்துள்ள உம் அரண்மனை முற்றந்தான் என்று விடங்கனார் வரைந்து காட்டினார். கயிற்றை இட அவரையே அனுப்புகிறோம். இந்த ஓலையைக் கொண்டுவருபவர் அவரே, அவருக்குரிய மரியாதை குறையாமல் பார்த்துக்கொள்ளும்.

பூதியாரும் உடன் வருகிறார். அவர் உம்மைப் பார்க்க வரவில்லை. உம் மனைவியாரிடம் கொஞ்சம் பேச வேண்டுமாம்.

இவ்வாறு மணிமுற்றத்து மாடத்தில் பகற்பொழுதில் சொல்ல எழுதி, இரட்டைச் சங்கு முத்திரை பதித்து, நாச்சியார் கண்டு ஒப்பிய ஓலை. கண்டவுடன் நடத்துக.