செய்மதி வெடித்த பின்னேரம்

மச்சான்,

இன்று வேலைக்கு வந்து புதிய வெள்ளை மேலுடுப்பின் உறையைக் கிழித்தேன். அந்தப் பிளாஸ்டிக் மணம் மூக்கில் ஏறியதும், உடுப்பைப் போட மனமில்லாமல் வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் முழங்கால் இரண்டும் போதும் என்கின்றன.

சுவிஸில் இந்த நொஷாட்டலில், ஏரிக்கு மேலேயுள்ள இந்தப் பட்டறைக்கு நீயும் நானும் ஒரே கிழமையில்தான் துப்புரவு வேலைக்கு வந்தோம். விண்ணுக்கு அனுப்பும் செய்மதிக்குள் வைக்கும் கருவி ஒன்றை இங்கே செய்துகொண்டிருந்தார்கள். ஒரு தலைமயிர் விழுந்தாலும் அது பழுதாகிவிடும் என்பதால், தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டுதான் தரை துடைக்க வேண்டும். "சாமியறைக்குக்கூட இவ்வளவு சுத்தமாய்ப் போனதில்லையடா" என்று முகமூடிக்குள் சிரிப்பாய். நாலு வருடம் துடைத்தோம். அகதி விண்ணப்பத்துக்கு உனக்கும் பதில் இல்லை, எனக்கும் இல்லை.

ரொக்கெட் ஏவும் நாளன்று, எங்கள் பின்னேர வேலை தொடங்குமுன் சாப்பாட்டு அறைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். எல்லாரும் தொலைக்காட்சியின் முன்னால் நின்றோம். அது எழும்பியது. ஒரு நிமிடம்கூட இல்லை, சரிந்து வெடித்தது. துண்டுகள் புகையோடு விழுந்தன. கருவியைச் செய்த குழுவின் தலைவி, அந்த எஞ்சினியர் அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அப்போதுதான் உன் சத்தம் கேட்டது. சுவரோடு சாய்ந்து விம்மி விம்மி அழுதாய். அவர் வந்து உன்னைக் கட்டிப்பிடித்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கேட்டேன்.

"அவங்கட செய்மதிக்கு நீ ஏன்ரா இப்பிடி அழுதனி?"

"அம்மா செத்திட்டா மச்சான்."

"எப்ப?"

"இடம்பெயர்ந்து போகேக்கை, றோட்டில. போன மாசம்தான் கடிதம் வந்தது."

"ஒரு அறையிலதானே இருக்கிறம். ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் லீவு எடு எண்டுவாய். லீவு எடுத்து எங்க போறது? துடைச்சுக்கொண்டிருந்தால் ஒண்டும் தெரியேல்லை. இண்டைக்கு எல்லாரும் அழேக்கை..."

ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தாய். அடுத்த நாள் நேரத்துக்கே வேலைக்கு வந்தாய். கருவியைத் திரும்பச் செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், "அப்ப நாங்களும் முதலிலயிருந்து" என்றாய். அவ்வளவுதான்.

அந்த இரண்டாவது கருவி முடியுமுன்பே புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன்னுடைய வதிவிட அனுமதிக் கடிதம், நீ போய் ஒரு மாதத்தின் பின் தபாலில் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

போன கிழமை இரண்டாவது செய்மதி ஒழுங்காய் மேலே போனது. எல்லாரும் கைதட்டினார்கள். எஞ்சினியர் அம்மா என்னிடம் வந்து, எனக்கு விளங்கவேண்டும் என்று பிரெஞ்சில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "உங்கள் நண்பர் இன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் வேலைக்காக எங்களைவிட அதிகம் அழுதவர் அவர்."

உண்மையைச் சொல்லுமளவுக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியும். ஆனால் அவருடைய கண் கலங்கியிருந்தது. ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

அன்று நீ அழுதது யாருக்காக என்று இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும், மச்சான். நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.