பொன்னுத்தாயியின் வலது கால்

18 ஆகஸ்ட் 1969

காலையிலிருந்து என் ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லை. காய்ச்சல்காரர்களுக்கு நடுவே, கல்லூரி விளையாட்டு ஆசிரியர் சத்தியமூர்த்தி ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். பொன்னுத்தாயி. அமராவதிபுதூர்க்காரி, இருபது வயது, நானூறு மீட்டர் ஓடுகிறவள். அடுத்த வாரம் சென்னையில் மாநிலப் போட்டி. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் தேசிய முகாம்.

வலது காலின் முன்னெலும்பில் ஓர் இடத்தைத் தொட்டதும் துள்ளினாள். சதைப்பிடிப்பு இப்படித் துள்ள வைக்காது. எலும்பில் கீறலோ?

20 ஆகஸ்ட்

மதுரையில் எடுத்த எக்ஸ்ரே வந்தது. ஒன்றுமில்லை. சத்தியமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டார். நான் மட்டும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதுக் கீறல் சில வாரம் வரை படத்தில் தெரியாமல் இருக்கலாம். ஓட வேண்டாம் என்றேன்.

"படத்துலயே ஒண்ணுமில்ல. நீங்க என்ன டாக்டரம்மா இப்படிச் சொல்றீக?" என்றாள் பொன்னுத்தாயி.

21 ஆகஸ்ட்

நான் நினைப்பது தப்பாக இருந்தால்?

22 ஆகஸ்ட்

மறுபடி வந்தார்கள். அவள் அப்பா சின்னக்கருப்புவும் கூட. வலி மரத்துப்போக ஊசி போடச் சொல்கிறார் சத்தியமூர்த்தி.

"ஒரு நிமிச ஓட்டந்தானே. நீங்க போடலைன்னா மெட்ராசுல போட ஆள் இருக்கு."

கத்திவிட்டேன். "வலி தெரியாம ஓடுனா எலும்பு முறியிறதும் தெரியாது சார்!"

சின்னக்கருப்பு மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை.

"வேண்டாம்னு சொல்லிட்டு நீங்க வீட்டுக்குப் போயிருவீக டாக்டரம்மா. நான் எங்குட்டுப் போறது?"



23 ஆகஸ்ட்

நானும் சென்னைக்குப் போகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தடுக்கவா, கூட நிக்கவா?" என்று கேட்டார். தெரியவில்லையே!

27 ஆகஸ்ட், சென்னை

மைதானத்துக்கு வெளியே ஒருவர் ஊசியோடு தயாராக இருந்தார். பொன்னுத்தாயி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஊசி இல்லாம ஓடவா?"

"ஓடவே கூடாதுங்கிறேன்."

"வலி கூடுனா நின்னுர்றேன். சத்தியமா."

காலில் கட்டுப் போட்டுவிட்டேன். ஒரு டாக்டர் செய்யக்கூடியதா இது? அந்த ஊசியைத் தவிர்க்க வேறு வழி தெரியவில்லை.

முதல் வளைவில் அவள்தான் முன்னால். எதிர்ப்பக்கத்திலும் அவள்தான். கடைசி வளைவில் — நின்றுவிட்டாள். விழவில்லை, தானாகவே நின்றாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். "ஓடு! ஓடு!" என்று சத்தியமூர்த்தி கத்திக்கொண்டே இருந்தார். நான் கோட்டைத் தாண்டி அவளிடம் ஓடினேன்.

"நின்னுட்டேன்," என்று என் தோளில் சாய்ந்தாள். அப்போதுதான் அழுதாள்.

28 ஆகஸ்ட்

ரயிலில் அவள் காலை என் மடியில் நீட்டி வைத்துக்கொண்டேன்.

18 செப்டம்பர்

இரண்டாவது எக்ஸ்ரே. எலும்பில் மெல்லிய கோடு, அதையொட்டி ஆறிவரும் தடிப்பு. சத்தியமூர்த்தி வெகுநேரம் பார்த்தார். "ஊசி போட்டு ஓட விட்டிருந்தா..." என்றார். பொன்னுத்தாயி படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எப்ப ஓடலாம்?"

"நடக்கவே இன்னும் பொறுக்கணும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மேல் கோபந்தான். இருக்கட்டும்.

6 ஜனவரி 1970

மெல்லோட்டம் தொடங்கிவிட்டாள். வாரம் ஒரு மாலை நானும் மைதானத்துக்குப் போகிறேன். மற்ற பெண்களும் வந்து என்னிடம் காலைக் காட்டுகிறார்கள். வலியை மறைக்காதே என்று அவர்களைத் திட்டுவது இப்போது சத்தியமூர்த்திதான்!

29 ஆகஸ்ட் 1970

எனக்குப் பிரசவ கேஸ், இந்த முறை மாநிலப் போட்டிக்குச் சென்னை போக முடியவில்லை. பகல் முழுக்க காதெல்லாம் டெலிபோன் மேலேயே. மூன்று மணிக்கு டிரங்க் கால் வந்தது. சத்தியமூர்த்தி "ஹலோ" என்றதோடு சரி. அவள்தான் வாங்கிப் பேசினாள்.

"ரெண்டாவதா வந்தேன். முகாமுக்கு எடுத்துட்டாக, டாக்டரம்மா."

"கால்?"

"கால் நல்லாத்தான் இருக்கு. முன்னால போனவளை விட்டுட்டோமேன்னு வயிறுதான் எரியுது."

சிரித்தேன். போனை வைத்துவிட்டு, அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டேன்.