மூன்று வீட்டுப் படிகள்

தரங்கம்பாடி

அன்பு மகள் சான்ட்ராவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் எனக்கு நாள் முழுக்க நினைப்பு. இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நீ பார்த்துவைத்த மயிலாடுதுறை பிளாட்டுக்குச் சரி என்று சொன்னேன், பாத்திரங்களில் பாதியை மூட்டையும் கட்டிவிட்டேன். பக்கவாதம் வந்த இந்த ஐந்து மாதமாக அப்பா முதல் வீட்டை விட்டு நகரவில்லை. உன் தாத்தா வாங்கியபோது இவை வரிசையாக இருந்த மூன்று சின்னக் கல்வீடுகள். இடைச்சுவர்களில் வாசல் வைத்து ஒன்றாக்கியவர் தரையைச் சமமாக்காமல் விட்டுவிட்டார். நடு வீட்டுக்கு இரண்டு படி இறங்கி, கடல் வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டும். குழந்தையில் நீ அந்தப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்குவாய். பத்தாவது பரீட்சைக்குக் கடல் வீட்டு ஜன்னலில் ஏறி உட்கார்ந்துதான் படித்தாய், முழங்கை நீளம் கனமான சுவர் என்பதால் நீயும் புத்தகங்களும் அதிலேயே அடங்கிவிடுவீர்கள்.

போன மாதம் ஒரு மத்தியானம் சமையலறையிலிருந்து வந்து பார்த்தால் அப்பா நடு வீட்டுப் படியில் விழுந்து கிடக்கிறார். நல்லவேளை, அடி இல்லை. ஏன் இப்படி என்று கத்தினேன். "கடலைப் பார்த்துட்டு வந்துடலாம்னு கிளம்பினேன் அமலி" என்றார். மறுநாளே கொத்தனார் ஜாஃபர் சாதிக்கைக் கூப்பிட்டுத் தரையை மேடாக்கச் சொன்னேன். "தரையை ஏத்தினா வாசல் நிலை தாழ்ந்துடும் அக்கா, சாருக்குத் தலை இடிக்கும். படி மேலயே நீளமா சரிவு போட்டுடறேன்" என்றார். நடு வீட்டில் பாதி இடம் அதற்கே போய்விட்டது, சாப்பாட்டு மேசையை முன்னால் கொண்டுவந்துவிட்டோம்.

சரிவு நன்றாகக் காய்ந்தபின், ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்ததும், அப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு தானே நடந்தார். கடல் வீட்டுக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆனது. ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மூட்டையெல்லாம் பார்த்தேன். உனக்கும் முடியலை, தெரியுது. பிளாட்டுக்கே போயிடுவோம் அமலி" என்றார். எழுந்து போய் மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கினேன்.

பிளாட்காரரிடம் வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு, எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் மேல் கோபப்படாதே. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். ஆண்டவர் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

உன் அம்மா,
அமலோற்பவம் சகாயராஜ்