ஆறிக்கொண்டிருந்த காப்பி

என் கண்ணே,

நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். பள்ளியில் கல்லால் உன் நெற்றியைப் பிளந்த ஷுரூக்கை அவள் அப்பா நேற்று நம் வீட்டுக்கு அழைத்து வந்தார். நாம் மன்னித்தால்தான் அவளைப் பள்ளியில் மறுபடி சேர்ப்பார்கள். நம் வழக்கப்படி, கேட்டு வந்தது கிடைக்கும்வரை அவர்கள் நாம் வைத்த காப்பியைத் தொடக் கூடாது. அவள் தாத்தா நாற்பது வருஷத்துக்கு முன் என் இரண்டு ஆடுகளைத் திருடியவன். "ஆறிப் பச்சைத்தண்ணியா ஆகட்டும்" என்றேன்.

தலையில் காயக்கட்டோடு நீ வந்தாய். "குடிங்க மாமா. நாங்கதான் தினமும் அவளை 'திருடன் பேத்தி'ன்னு கூப்பிட்டோம். ஏய் ஷுரூக், நாளைக்கு என் பக்கத்துல உட்காரு. கல்லை மட்டும் வீட்டுலயே வச்சிட்டு வா!"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். இத்தனை பெரியவர்களில் யாருக்கு வந்தது அந்தத் தைரியம்?

"அந்தப் பேரை யாருடி சொல்லிக்கொடுத்தது?" என்று உன் அப்பா கேட்டபோது, நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆடுகளை நான் மறக்கமாட்டேன். இனி உன் காதில் போடவும் மாட்டேன்.

உன் பாட்டி