பேங்க் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன அண்ணனுக்கு

என் வாய்க்குப் பயந்தே பாதி நாள் கடலுக்கடியில் இருந்த என் அருமை அண்ணன் சேவியருக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மதினிக்கு மட்டும் முட்டுவலி, அதற்கும் நீதான் காரணம் என்கிறாள். கொண்டல் காற்று தொடங்கிவிட்டது. திரேஸ்புரத்துக் கரையில் வள்ளங்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, கல்யாணப் போட்டோவில் நீ நின்ற மாதிரி.

உன் மகள் ஜெசிந்தாவுக்கு பேங்கில் வேலை கிடைத்திருக்கிறது. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அவளோ தாளை ஜெபப் புத்தகத்துக்குள் செருகி வைத்துவிட்டு, "அப்பாட்ட கேக்காம நான் போடமாட்டேன் அத்தை" என்கிறாள். நீ போய் மூன்று வருஷமாகிறது. உன்னிடம் எந்தத் தபாலில் கேட்பது?

மதினியை எழுதச் சொன்னேன். "பேங்க்ல வேலைன்னு ஏமாத்துன மனுசனுக்கு நான் எதுக்கு எழுதணும்? ஒங்க அண்ணந்தானே, நீயே எழுது" என்றாள். அதனால்தான் அஞ்சாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு நான் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அந்தக் கதை தெரியாது. சொல்லிவிடுகிறேன், நீ காதைப் பொத்திக்கொள். கடலடியில் முத்துச்சிப்பி கிடக்கிற திட்டை நாம் பார் என்போம். இங்கிலீஷ்காரன் அதற்கு பேங்க் என்று பேர் வைத்திருக்கிறான். சிப்பி விளைந்திருக்கிறதா என்று அதிகாரிகள் போட்டில் போய்ச் சோதிப்பதற்குப் பேர் பேங்க் இன்ஸ்பெக்‌ஷன். அவர்களுக்காக முங்கிச் சிப்பி எடுத்துக் கொடுத்தவன் நீ. பெண் பார்க்கப் போன இடத்தில், மதுரை மில்லில் இருந்த மதினியின் அப்பா, "மாப்பிள்ளைக்கு என்ன சோலி?" என்று கேட்டார். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பேங்க் இன்ஸ்பெக்‌ஷன்" என்றாய். அந்த மனிதர் எழுந்து உன் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

கல்யாணமான மூன்றாம் நாள் மதினி, "ஒங்க பேங்க் எங்கன இருக்கு?" என்று கேட்டாள். நீ அவளைக் கரைக்குக் கூட்டிப்போய், "அந்தா அங்கன. பத்துப் பாகம் தண்ணிக்குக் கீழ" என்று அறுபதடி ஆழத்துக்குக் கையை நீட்டினாய். அவள் அழுதாளா, சிரித்தாளா? இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை.

பிறகு சிப்பி இல்லாமல் போனது, முத்துக்குளிப்பும் நின்றது. "எங்க போச்சுன்னு எனக்குத் தெரியணும்ளா. எம் மக படிச்சுக் கண்டுபிடிப்பா" என்று சொல்லித்தான் அவளை விலங்கியலில் சேர்த்தாய். அறுத்துப் படிக்க நம் வீட்டுக் கரப்பான்பூச்சிகளை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். நம் குடும்பத்தில் காலேஜுக்குப் போன பெருங்கூட்டம் அதுதான்.

ஆனால் அண்ணே, அவள் மனசு சிப்பிக்குள் இல்லை. கடைசி முத்துக்குளிப்பின்போது திறக்காத சிப்பியைக் குவித்து ஏலம் விட்டார்களே, நீ அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாயே, அங்கேயே நின்றுவிட்டது. "உள்ள என்ன இருக்குன்னே தெரியாம எப்படி அத்தை விலை சொன்னாவ?" என்று இத்தனை வயதிலும் கேட்கிறாள். பட்டம் வாங்கிய கையோடு பேங்க் பரீட்சைக்கு எழுதிப்போட்டாள்.

ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் எதிர்வீட்டு அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "தவளை அறுத்த புள்ளைக்கு பேங்க்ல என்ன சோலி? பி.காம். படிச்சவனே வரிசையில நிக்கான்" என்றார். "ஒங்க மகன் பி.காம்.தானே அண்ணாச்சி? தவளையைக் கண்டா கட்டில்ல ஏறுதான். இவ அதையே அறுத்தவ, மேனேசரைக் கண்டா பயப்படுவா?" என்றேன். மறுநாள் மகனுடைய பழைய புத்தகங்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். நல்ல மனுஷன்.

மதுரையில் நேர்முகம். நானும் துணைக்குப் போனேன். உங்கள் ஊரில் என்னென்ன பேங்க் இருக்கிறது என்று ஒருவர் இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். எல்லாப் பேரையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தவள்தான். பதற்றத்தில் பாடப்புத்தகமும் நீயும் சேர்ந்து அவள் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். "முயல்தீவுக்குக் கிழக்க ஒண்ணு இருக்கு சார். பத்துப் பாகம் ஆழம். இப்ப மூடிக் கெடக்கு."

"எந்த பேங்க்மா மூடிட்டாங்க?" என்று நடுவில் இருந்தவர் இங்கிலீஷை மறந்து பதறினாராம்.

விஷயம் தெரிந்து சிரித்து முடித்தபின், பாரைத் திறக்கலாமா என்று எப்படி முடிவு செய்வார்கள் என்று கேட்டார். கொஞ்சம் சிப்பியை அள்ளித் திறந்து, கிடைத்த முத்துக்கு விலைபோட்டு, அதை வைத்து மொத்தப் பாரையும் மதிப்பிடுவதை அவள் விளக்கினாள். "சிப்பி விளையலை. ஆனா கரையில ஆயிரம் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. திறப்பியாம்மா?" என்றார்.

"எங்கப்பா முங்குனவரு சார். அவர் திறக்கச் சொல்லுவாரு. நான் திறக்கமாட்டேன்."

பார்த்தாயா? உன்னைக் காட்டிக் கொடுத்துத்தான் வேலை வாங்கியிருக்கிறாள். திரும்பும்போது கோவில்பட்டி வரைக்கும் பஸ்ஸில் அழுதாள். "அப்பா படிக்கச் சொன்னது ஒண்ணு, நான் போறது ஒண்ணு. போதாததுக்கு அவரையே விட்டுக்கொடுத்துட்டேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. கடைசியில் படுக்கையில் கிடந்தபோது, "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்று நீ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாய். அது எதைப் பற்றி அண்ணே, பாரைத் திறந்ததைப் பற்றியா? நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தேன். கடல் கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடந்தது. அடியில் ஒரு பேங்க், கம்பி போட்ட கவுண்டர், மெல்லச் சுற்றுகிற விசிறி. மீன்கள் வரிசை குலையாமல் நின்றன. கவுண்டருக்குப் பின்னால் ஜெசி, பாசி நிறச் சேலையில். நீ எடைக்கல்லில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கி வந்தாய். கூடை காலி. அவளைப் பார்த்தாய். தண்ணீருக்குள் எப்படிப் பேசுவாய்? அவள் கையில் கயிற்றைக் கொடுத்து ஒரு தடவை இழுத்தாய்.

முங்குகிறவன் கயிற்றை இழுத்தால் மேலே தூக்கு என்று அர்த்தம். படகில் கயிற்றைப் பிடித்திருந்தது நான். கை காந்துகிற மாதிரி விழித்தேன்.

கனவை ஜெசியிடம் சொன்னேன். ஜெபப் புத்தகத்தைத் திறந்து தாளை எடுத்தாள். கையெழுத்துப் போடுமுன், "அம்மா, தாத்தாட்ட அப்பா என்னன்னு சொன்னாவ?" என்றாள். "பேங்க்ல வேலைன்னு" என்று சொல்லிவிட்டு மதினி சிரித்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அண்ணே.

மதினியின் அப்பாவும் அங்கேதான் இருக்கிறார். இத்தனை நாள் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்திருப்பாய். இனி வேண்டாம். நேரே போய் நின்று, "மாமா, பேங்க்ல வேலைன்னு சொன்னேன்லா, ஒரு தலைமுறை தாமதமாயிட்டு" என்று சொல்லு.

சிப்பி எங்கே போனது என்கிற உன் கேள்வியை ஜெசி இறக்கி வைத்துவிட்டாள். அதை நான் எடுத்துக்கொள்கிறேன். பார் சோதிக்கிற போட் கரை சேரும்போதெல்லாம், பாவாடை வயதில் உனக்காகக் காத்து நின்ற அதே இடத்தில் போய் நிற்பேன். சிப்பி வந்துவிட்டது என்று எவனாவது சொன்னால், மூச்சிரைக்க ஓடிவந்து முதலில் உன் கல்லறையைத்தான் தட்டுவேன். இது சத்தியம்.

இன்னும் கயிற்றை விடாத
உன் வாயாடித் தங்கச்சி
ரோசம்மா