குறிப்புக் கட்டத்தில் அம்மா

ஜூலை 9, புதன்

ஆபீஸில் இன்று நாற்பத்தொரு பேருக்குப் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்தேன். அதுதான் என் வேலை. மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பது. நாற்பத்திரண்டாவது ஆள் அப்பா. துரைசாமி சப்வே பக்கத்திலுள்ள தன் பாத்திரக்கடையிலிருந்து போன்.

"ஏல, கேஸ் புக் பண்ணணும். உள்ள போக மாட்டேங்கு."

"ஆப்ல 'வீடு'ன்னு இருக்கும்ப்பா. அதுல கேஸைத் தொட்டா பாஸ்வேர்ட அதுவே போடும்."

"எனக்கு அதெல்லாம் வராது. நீயே பண்ணு."

இரண்டு வருடம் முன்னால் இந்தப் பாஸ்வேர்டு மேனேஜரை வீட்டில் போட்டது நான். அதுவரை மாதக் காலண்டரின் பின்பக்கம்தான் எங்கள் பாஸ்வேர்டு நோட்டு. ஜனவரி வந்தால் காலண்டரோடு எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். ஆப்பில் நாலு பேர்: அப்பா, அம்மா, சிந்து அக்கா, நான். ஒருவர் அடித்து வைப்பது நாலு பேருக்கும் தெரியும். யாரைச் சேர்ப்பது, யாரை எடுப்பது என்ற அதிகாரம் என்னிடம். கேஸ், கரண்ட், சொத்துவரி, டிவி என்று அத்தனையும் உட்கார்ந்து அடித்தது அக்கா.

அக்கா போன அக்டோபரில் அசோகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அசோகன் எஸ்.சி. அப்பாவுக்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. கற்பூரம் ஏற்றி, அவளோடு இனிப் பேசமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினார். குடும்ப அட்டையிலிருந்து பெயரை எடுக்க அலைந்தார். ஆப்பில் மட்டும் அவள் இன்னும் இருக்கிறாள். அது அவருக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது. நான் சொல்லவில்லை. இதுதான் நான் இதுவரை செய்த புரட்சி.

ஜூலை 13, ஞாயிறு

கேஸ் கணக்கைத் திறந்து பார்த்தேன். பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது. கீழே குறிப்புக் கட்டம் ஒன்று உண்டு. நுகர்வோர் எண்ணை எழுதி வைப்பதற்காக விட்டது. அதில் பக்கம் பக்கமாக ஏதோ இருந்தது; ஒரு வரி தமிழில், பதில் இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழில்.

'வாந்தி நின்னுட்டுதா.' 'நின்னுடுச்சுமா கால்தான் வீங்குது' 'உப்பக் கொற. காலைத் தலகாணி மேல வச்சுப் படு.' 'ஆடி முடிஞ்சதும் வளையல் வாங்கிப் போட்டுக்கோ. பச்சை வாங்கு. நான் வந்து போட முடியாது.' 'சரிமா'

அக்காவுக்கு ஏழு மாதம். கேஸ் கணக்கைத் திறந்து தெரிந்துகொள்கிறேன். என்ன குடும்பம் இது?

அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சத்தியம் பண்ணிட்டு இது என்னம்மா?" என்றேன்.

அம்மா நிமிரவில்லை. "பேசமாட்டேன்னுதான சொன்னேன். நான் எங்க பேசுனேன்?"

"அப்பா பார்த்தா?"

"அவுக எங்க அதத் தொறக்காக? எல்லாத்துக்கும் உன்னத்தான கூப்புடுதாக."

அம்மா போனில் யாரிடம் பேசினாள் என்று அப்பா தினமும் பார்ப்பார். வாட்ஸப்பைப் பார்ப்பார். கேஸ் கணக்கை எவன் பார்ப்பான்? எட்டாவது படித்தவள் கண்டுபிடித்த இடம். எனக்குத் தோன்றியிருக்காது.

ஜூலை 14

கேஸ் புக் பண்ணச் சொல்லி அப்பா போன் செய்தால் இனி எரிந்து விழக் கூடாது. அவர் அந்த ஆப்பைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதுதான் நல்லது.

ஜூலை 22, செவ்வாய்

சாதிச் சங்கத்திலிருந்து அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். 'கட்டுப்பாடு காத்த பெரியவர்.' பெற்ற பெண்ணை வீட்டுக்குள் விடாததற்கு விழா. டீக்கடையில் அரைமணி நேரம் கத்தினேன். கல்லூரியிலும் கூடப் படித்து, இப்போது உடன் வேலை பார்க்கும் வலியுல்லா, கிளாஸ் காலியாகும் வரை கேட்டுவிட்டுச் சொன்னான்: "மச்சி, நீ டீக்கடைல வெடி, வீட்ல நமுத்த வெடி. இன்னா பிரயோஜனம்?"

சிரித்தேன். வீட்டுக்கு வந்தபோது பத்திரிகையில் போடுவதற்கு அப்பா ஒரு நல்ல போட்டோ கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதி வைக்கணும்.

ஆடிப்பெருக்கு. அம்மா சித்ரான்னம் கிண்டி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா ஹாலில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை நான் மீட்டிங்கில் இருந்தேன், போனை எடுக்கவில்லை. மனுஷன் தானே முயன்றிருக்கிறார். கேஸ் திறக்கவில்லை. கண் படத்தை அழுத்தினால் பாஸ்வேர்டு தெரியும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அழுத்தியிருக்கிறார்.

பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில், 'வீக்கம் வடிஞ்சுதா ராசாத்தி'.

அம்மா அவசரத்தில் கட்டம் மாறி அடித்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவர் குறிப்பையும் கீழ்வரை வாசித்துவிட்டார்.

"இதுல அவ எப்படி இருக்கா?"

"முன்னாடி சேர்த்ததுப்பா."

"எடு."

"அப்பா, மாசமா இருக்கா."

"வாசிச்சேன். எடு."

"அம்மா—"

"அம்மாட்ட ஒண்ணும் சொல்லாத. அவ பாட்டுக்கு எழுதட்டும். போய்ச் சேரலன்னு தெரிய வேண்டாம். வீட்ல சத்தம் கூடாது."

சத்தம் கூடாது! அவருக்கு அதுதான். அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். சிவப்புப் பட்டனைத் தொட்டேன். 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்று ஆப் கேட்டது. இந்த வீட்டில் என்னை ஒரு வார்த்தை கேட்டது அது மட்டும்தான்.

ஆமாம் என்று அழுத்தினேன். உறுப்பினர்கள்: 3.

பிறகு கேஸ் பாஸ்வேர்டைச் சரிசெய்யச் சொன்னார். செய்தேன். சிலிண்டர் புக் ஆகிவிட்டது.

இருபத்துநாலு வயசு. சொந்தச் சம்பளம். மாட்டேன்னு ஒரு வார்த்தை, சொன்னா என்ன ஆயிருக்கும்? வெளிய போன்னு சொல்லியிருப்பாரு. போயிருந்தா என்னடா? ஏன்டா அழுத்துன?

ஆகஸ்ட் 4

இப்படி ஒருவரை எடுத்தால் அவருக்கு மெயில் போகும். நேற்று அது நினைவில் இல்லை. வேலையிலேயே ஆயிரம் தடவை பார்த்த வாசகம்: 'பாலகணேஷ் உங்களைக் குடும்பத்திலிருந்து நீக்கிவிட்டார்.'

அக்கா என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆதம்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அசோகன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினான். கல்லூரியில் எனக்கு இரண்டு வருட சீனியர். அக்காவுக்கு அவனை அறிமுகம் செய்ததே நான்.

"தப்பா நெனச்சிக்கோ கணேஷ். தொறக்க மாட்டேன்."

"அப்பாதான் பக்கத்துல நின்னு—"

"மெயில்ல இன்னா பேர் இருந்துச்சு? உங்க நைனா பேரா?"

கேட் கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

"சாதி ஒழியணும்னு எங்கிட்டயே மணிக்கணக்கா பேசுனவன் நீ. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்ட்டா லீவு இல்லன்ன. இப்ப இது. அவளுக்கு பிரஷர் ஏறிக்கினு கீது. உன் மூஞ்சிய காட்டி இன்னும் ஏத்தாத."

"அம்மா எழுதிக்கிட்டே இருக்கா அசோகன்."

திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தான். "அவங்கள வரச் சொல்லு. அவங்க வந்தா தொறப்பேன்."

உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. அக்காவாகத்தான் இருக்கும். ஓடி நிற்கும் வரை நின்றிருந்துவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். 'அக்கா வீட்டுக் கேட் உனக்குத் திறக்கும்.'

ஆகஸ்ட் 12

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தினம் ஒரு வரி சேர்ந்துகொண்டே போகிறது. 'என்னம்மா பதிலக் காணும்.' 'கோவமா.' 'டாக்டர் என்ன சொன்னாக.' இன்று, 'ஒரு புள்ளி மட்டுமாவது வையி.'

சாப்பாடு போடும்போது என்னிடம் கேட்டாள்: "ஏய்யா, நெட்டு ஒழுங்கா வேல செய்யுதா?" அவள் தட்டில் எதுவுமில்லை. பசியில்லையாம். நாலு நாளாகவே பசியில்லையாம்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அக்கா வீட்டுக் கேட் திறக்கும் என்று சொன்னால், ஆப்பில் இருந்து அவளை எடுத்தது யார் என்றும் சொல்ல வேண்டும்.

"சர்வர்ல கோளாறும்மா. சரியாயிடும்."

ஆபீஸில் ஊராரிடம் சொல்லும் அதே பொய். அதே குரல்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. அம்மா கொழுக்கட்டைத் தட்டோடு என் அறைக்கு வந்தாள். முகம் பூரித்திருந்தது. காதோடு சொன்னாள்: "பதில் போட்டுட்டா!"

எப்படி முடியும்? திறந்தேன். 'நலமாக இருக்கிறேன் அம்மா. வீக்கம் குறைந்துவிட்டது. கவலை வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடவும்.'

அக்கா தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பாள். வாழ்க்கையில் ஒரு முற்றுப்புள்ளி வைத்ததில்லை. கீழே பொடி எழுத்தில் ஆப் காட்டியது: 'கடைசியாகத் திருத்தியவர்: ஜவஹர், நேற்று முற்பகல் 11.20.'

அப்பா. கடையிலிருந்து. பித்தளைக் குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அடித்திருக்கிறார்.

அம்மா வெளியே போனதும் கேட்டேன். "இது என்னப்பா?"

கொழுக்கட்டையை முழுங்கிவிட்டுச் சொன்னார்: "சாப்பிடாமக் கெடந்தா. இப்ப சாப்பிடுதால்லா?"

"உண்மையிலயே அக்கா எப்படி இருக்கான்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

இந்த ஆள் மேல் கோபப்படக்கூட இனி எனக்கு யோக்கியதை இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

வலியுல்லா போனை நீட்டினான். "மாமா ஆயிட்ட மச்சி. உனக்கு அசோகன் ஸ்டேட்டஸ் வர்றதில்ல?"

பெண் குழந்தை. நேற்று காலை. படத்தில் அக்காவின் முகம் இல்லை. மூடிய சின்னக் கை ஒன்று, அதைப் பிடித்திருக்கும் அக்காவின் கை. மணிக்கட்டு நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல்.

அம்மா சொன்னதில் அந்த ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

"இன்னா மச்சி, அழுவுற? ஸ்வீட் வாங்குடா."

வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று காலை குறிப்பில் புதுவரி, முற்றுப்புள்ளியோடு: 'டாக்டர் இன்னும் மூன்று வாரம் ஆகும் என்கிறார்.'

அம்மா அப்பாவின் பழைய வேட்டி இரண்டைத் துவைத்துக் காயவைத்திருந்தாள். மதியம் ஹாலில் விரித்து உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். குழந்தைக்குத் துணி. கடையில் வாங்குவது குத்துமாம். அப்பா நாற்காலியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா குரலைத் தணித்து, "இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள கத்தரிச்சு வச்சிருவோம். எப்படியாவது நீ கொண்டு குடுத்துரு, என்னய்யா?" என்றாள்.

அப்பா அடுத்த பக்கத்தைப் புரட்டவே இல்லை.

"சரிம்மா" என்றேன்.

"அப்ப அந்த முனையப் பிடி. கோணாம, நல்லா இழுத்துப் பிடி."

பிடித்தேன்.